திறவுகோல் யார் கையில்?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திலே பேசுவதற்கு நான் தெரிந்தெடுத்த பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பை அளித்திருக்கலாம். சமயத்தையோ இலக்கியத்தையோ எடுத்துப் பேசவேண்டிய மேடையிலே, பழைய கணினி ஒன்றைப் பற்றி இவன் என்ன பேசப்போகின்றான் என்று நீங்கள் நினைப்பது இயல்பே. ஆனால் நான் பேச விரும்புவது வெறும் இயந்திரத்தைப் பற்றியன்று. விலை கொடுத்து வாங்கிய பொருள் எந்நாள்வரை வாங்கியவருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அக்கேள்வி நம்முள் ஒவ்வொருவரையும் தொடுவது. அதற்கு விடை தேடப் பழைய கணினி ஒன்று நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

கணினியை வாங்கியவுடன் அது நமக்கு ஊழியஞ் செய்துவிடுவதில்லை. அதன் உறுப்புக்களை ஒன்றிணைத்து, நாம் இடும் கட்டளைகளை அவை நிறைவேற்றுமாறு செய்யும் அடிப்படை மென்பொருள் ஒன்று வேண்டும். அதனைப் பணிசெயல் முறைமை என்கின்றோம். அத்தகைய முறைமைகளுள் உலகெங்கும் பரந்து வழங்கியது மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் எக்ஸ்பி. 2001 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 25 ஆந் திகதி அது விற்பனைக்கு வந்தது. வீடு, பாடசாலை, வங்கி, வைத்தியசாலை, தொழிற்சாலை ஆகிய எல்லாவிடங்களிலும் அது குடிபுகுந்தது. பன்னிரண்டரை ஆண்டுகள் கழிந்தபின், 2014 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8 ஆந் திகதி, அதற்கு அளித்துவந்த ஆதரவை நிறுவனத்தார் நிறுத்திக்கொண்டனர்.

ஆதரவு என்பது யாது? எந்த மென்பொருளும் குறையின்றிப் பிறப்பதில்லை. நாளடைவிலே அதில் ஓட்டைகள் தென்படும். அவ்வோட்டைகளின் வழியாகத் தீயோர் உட்புகாதபடி, நிறுவனத்தார் காலந்தோறும் திருத்தங்களை வெளியிடுவர். இவ்வாறு திருத்திக் கொடுப்பதே ஆதரவு. அது நின்றுவிட்டால் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். ஆயினும் கணினி அன்றே நின்றுபோவதில்லை. முன்னைப் போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

தச்சர் ஒருவர் உங்கள் வீட்டுக்குக் கதவு செய்து தந்தார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழுது கண்டபோதெல்லாம் வந்து திருத்தித் தந்தார். ஒருநாள், இனி இக்கதவைத் திருத்த வரமாட்டேன் என்கின்றார். அதிலே பெரிதாகக் குறைகூற இடமில்லை. அவருக்கும் வேறு வேலைகள் உண்டு. கதவு உங்களுடையது, அதைக் காப்பது இனி உங்கள் பொறுப்பு. ஆனால் அக்கதவின் பூட்டோ, கதவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தச்சரிடம் கேட்டே திறக்கத்தக்கதாக அமைந்திருந்தால் என்ன செய்வது? அவர் திருத்த மறுப்பது ஒன்று. திறக்க மறுப்பது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதே என் பேச்சின் நோக்கம்.

எக்ஸ்பியிலே அத்தகைய பூட்டொன்று உண்டு. ஆங்கிலத்தில் அக்டிவேஷன் என வழங்கும் அதனைச் செயற்படுத்தல் எனத் தமிழிற் கூறலாம். பூட்டின் கதையைச் சொல்லுமுன், பூட்டியவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவதே முறை. மென்பொருளைப் படைப்பதற்குப் பலரின் உழைப்பு வேண்டும். அதைப் படியெடுப்பதற்கோ சில நிமிடங்கள் போதும். 1976 ஆம் ஆண்டிலேயே பில் கேட்ஸ் என்னும் இளைஞர், தாமும் தோழரும் எழுதிய மென்பொருளைப் பலர் பணங்கொடாமல் படியெடுத்துப் பாவிக்கின்றனர் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதி முறையிட்டார். உழைத்தவனுக்குக் கூலி கிடைக்கவேண்டும் என்பதை நாம் மறுக்க முடியாது. ஓர் இறுவட்டை வாங்கி ஊரெல்லாம் பாவிப்பதை நியாயம் என்று நான் கூறவில்லை.

இறுவட்டோடு இருபத்தைந்து எழுத்தும் எண்ணுங் கலந்த திறவெண் ஒன்றும் கொடுக்கப்படும். அந்த ஒரே திறவெண்ணைப் பல கணினிகளிற் பாவிப்பதைத் தடுக்கவே செயற்படுத்தல் என்ற ஏற்பாடு வந்தது. அது வேலை செய்யும் முறை சுவையானது. கணினியிலுள்ள நுண்செயலி, நினைவகத்தின் அளவு, வன்தட்டு, திரைக்குரிய அட்டை, வலையமைப்பு அட்டை முதலாகப் பத்து வகை அடையாளங்களை எக்ஸ்பி நோக்குகின்றது. அவற்றைச் சுருக்கி, திறவெண்ணோடு சேர்த்து, நீண்டதோர் எண்ணாக்குகின்றது. அவ்வெண்ணை நிறுவனத்துக்கு அறிவித்தால், அங்கிருந்து மறுமொழியாக 42 இலக்கங்கள் கொண்ட உறுதியெண் ஒன்று வந்தது. இதை முன்னர் இணையத்தின் மூலம் கணினியே செய்துகொள்ளக் கூடியதாயிருந்தது. இணையம் இல்லாதவர் தொலைபேசியில் இலக்கங்களை ஆறு ஆறாக வாசித்துக் கொடுத்து, மறுமுனையிற் சொல்லப்பட்ட ஏழு தொகுதிகளையும் ஒன்றும் பிழையாமல் எழுதிப் பதியவேண்டியிருந்தது. இவையெல்லாம் முப்பது நாளுக்குள் முடியவேண்டும். முடியாவிடின் முப்பத்தோராம் நாள் கணினி தன் சொந்தக்காரரையே உள்ளே விடாது.

கடவுள் வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்று நம்மவர் சொல்வதுண்டு. விலையைக் கொடுத்தாயிற்று, பொருளும் கைக்கு வந்தாயிற்று. எனினும் இடையில் நிற்பவர் தலையசைத்தாலன்றிப் பயன் இல்லை. இதிலே கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. பெருந்தொகையாக வாங்கும் நிறுவனங்களுக்கு வழங்கிய எக்ஸ்பிப் பிரதிகளுக்கு இந்தப் பூட்டு இருக்கவில்லை. அத்தகைய திறவெண் ஒன்று வெளியே கசிந்தது. களவாகப் பாவித்தோர் பலர் அதனையே பாவித்தனர். 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது திருத்தத் தொகுதியிலே அத்திறவெண்ணுக்குத் தடை போடவேண்டி வந்தது. ஆகவே பூட்டின் பாரம் களவெடுத்தவன் தலையிலும் ஏறவில்லை, பெருமுதலாளி தலையிலும் ஏறவில்லை. கடையிலே காசு கொடுத்து ஒரேயொரு பிரதி வாங்கிய நேர்மையாளன் தலையிலேயே அது பெரிதும் ஏறியது.

இந்தப் பழைய முறைமை இன்னமும் எதற்கு, புதியதை வாங்கிவிட்டாற் போகாதா என்று நீங்கள் கேட்கலாம். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டுமே கணினி என்றால் அக்கேள்வி நியாயமே. ஆனால் உலகத்திலே கணினிகள் பல வேறோர் இயந்திரத்தின் மூளையாக இருந்து வேலை செய்கின்றன. இரசாயன ஆய்வுகூடமொன்றிலே கரைசல்களைச் சோதிக்கும் கருவி ஒன்று, 2005 ஆம் ஆண்டளவில் வாங்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். கருவிக்கு வயதாயினும் அது இன்றும் பிழையின்றி அளக்கின்றது. அதை இயக்கும் மென்பொருளோ எக்ஸ்பியிலே மாத்திரம் ஓடும். கருவியைச் செய்தவர்கள் புதிய முறைமைக்கேற்ற மென்பொருளை எழுதவில்லை. புதுக் கருவி வாங்குவதாயின் பெருந்தொகை வேண்டும். இவ்வாறே உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள், துணியில் அலங்காரம் தைக்கும் இயந்திரங்கள், வைத்தியசாலைக் கருவிகள் எனப் பலவும் பழைய முறைமைகளையே நம்பி நிற்கின்றன.

ஒருநாள் அந்த ஆய்வுகூடக் கணினியின் வன்தட்டுப் பழுதாகின்றது. புதிய வன்தட்டை மாட்டி, பெட்டகத்திலுள்ள இறுவட்டிலிருந்து எக்ஸ்பியை மீண்டும் பதிகின்றார்கள். திறவெண் இருக்கின்றது, பற்றுச்சீட்டும் இருக்கின்றது. முப்பது நாட் கணக்குத் தொடங்கிவிட்டது. எங்கே போய்க் கேட்பது?

முதலில் இணைய வாயிலைத் தட்டுவர். அங்கே மொழி விளங்காது. இணையத்திற் செய்திகளை மறைத்து அனுப்பும் முறைகள் காலத்தோடு மாறிவந்துள்ளன. எக்ஸ்பியோடு வரும் இணைய உலாவி டி.எல்.எஸ். முறையின் 1999 ஆம் ஆண்டுப் பதிப்பையே அறியும். இன்றைய சேவைகள் எதிர்பார்ப்பதோ 2008 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த பதிப்புக்களை. பழைய பதிப்பைக் கைவிடுமாறு இணையத்தின் நியமங்களை வகுப்போர் 2021 ஆம் ஆண்டில் முறைப்படி அறிவித்துவிட்டனர். அதுமட்டுமன்று. பழைய கணினியின் சிறு மின்கலம் ஓய்ந்துபோனால் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். திகதி பிழைத்த கணினிக்குச் சரியான சான்றிதழும் பொய்ச் சான்றிதழாகவே தோன்றும். பழைய திருத்தங்களையாவது பெறலாமென்றால், அவற்றை வழங்கிய பழைய வாயில்களும் 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டன. எனவே இணைய வாயிலை நம்பியிருப்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போலாகும்.

எஞ்சியிருந்தது தொலைபேசி. ஆதரவு முடிந்தபின்னும் எக்ஸ்பியைப் பதியலாம், செயற்படுத்தலாம் என்றே நிறுவனத்தார் 2014 ஆம் ஆண்டில் அறிவித்திருந்தனர். அது பாராட்டத்தக்கதே. தொலைபேசி வழி அதன் பின்னும் ஆண்டுகள் பல உதவிற்று. ஆனால் ஒரு நிறுவனத்தின் தொலைபேசி எத்தனை தலைமுறைக்கு ஒலிக்கும்? முறைமை வெளிவந்த காலத்திலே நிறுவனத்தார் தந்த விளக்கம் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அதன் ஆயுட்காலம் முடியும்போது பூட்டையே அகற்றிவிடும் திருத்தமொன்றைப் பெரும்பாலும் வெளியிடுவோம் என்று அவர்கள் கூறியிருந்தனர். 2014 ஆம் ஆண்டு வந்தது, ஆதரவு முடிந்தது, அத்திருத்தம் வரவில்லை. ‘பெரும்பாலும்’ என்ற அந்த ஒரு சொல்லிலே வாக்குறுதி நழுவிப்போயிற்று.

2023 ஆம் ஆண்டிலே வேறொரு செய்தி வெளிவந்தது. உறுதியெண்ணைக் கணிக்கும் கணித முறையைச் சிலர் ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டனர் என்பதும், நிறுவனத்தைக் கேளாமலே அவ்வெண்ணைப் பெறும் சிறு மென்பொருள் உலாவுகின்றது என்பதுமே அச்செய்தி. சிலர் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். எனக்கோ இது மகிழ்ச்சியிலும் மனவருத்தத்தையே தந்தது. பணங்கொடுத்து வாங்கிய ஒருவர், தம் வீட்டுக்குள் தாமே கள்வனைப் போலச் சுவரேறிக் குதிக்க வேண்டியிருப்பதா? மேலும், பூட்டுடைக்கும் கருவி என்று அறியாதவர் தரும் எதனையும் நம்பி ஏற்பது ஆபத்து. பத்து உண்மையான கருவிகளுக்கிடையே நூறு போலிகள் இருக்கும். பூட்டைத் திறக்க வந்தவன் வீட்டையும் கொள்ளையிட்டுச் செல்வான்.

ஆபத்தைப் பற்றிக் கூறும்போது மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஆதரவற்ற முறைமையை இணையத்தோடு இணைத்துப் பாவிப்பது பெரும் பிழை. 2017 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி வன்னாகிரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவி, கோப்புக்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை அதனால் தடுமாறிற்று. நோயாளர்க்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தள்ளிப்போயின. அப்போது பாதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை எக்ஸ்பிக் கணினிகள் அல்ல. வெளிவந்த திருத்தத்தை ஏற்காதிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. ஆயினும் ஆபத்தின் அளவைக் கண்டு, ஆதரவு முடிந்து மூன்றாண்டு கடந்த எக்ஸ்பிக்கும் நிறுவனத்தார் திருத்தம் வெளியிட்டனர். 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொரு பெரிய ஓட்டை தெரியவந்தபோதும் அவ்வாறே செய்தனர்.

பணம் படைத்தோர்க்கு வேறு வழியும் இருந்தது. 2014 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் ஏறத்தாழ 55 இலட்சம் பவுண் கொடுத்து மேலும் ஓராண்டுக்கு ஆதரவு பெற்றது. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை 91 இலட்சம் டொலர் அளவிலான ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. அரசுகளே உடனடியாகக் கைவிட முடியாத முறைமையை, சிறு ஆய்வுகூடமும் சிறு தொழிலாளியும் ஏன் கைவிடவில்லை என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்?

அப்படியானால் பழைய கணினியை வைத்திருப்போர் செய்யவேண்டியது என்ன? நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

முதலாவது, கணினி நலமாக ஓடும் காலத்திலேயே அதன் வன்தட்டை முழுமையாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும். வன்தட்டு மட்டும் மாறி ஏனைய உறுப்புக்கள் மாறாதிருப்பின், செயற்படுத்திய நிலையிலேயே முறைமையை மீட்பதற்கு அப்படி பெரும்பாலும் உதவும். செயற்படுத்தியதற்கான பதிவு, முறைமையின் உள்ளே சிறு கோப்பொன்றாக இருக்கின்றது. அதையும் தனியே காத்து வைக்கலாம்.

இரண்டாவது, கணினியோடு வந்த இறுவட்டையும், பெட்டியில் ஒட்டிய திறவெண் சீட்டையும், பற்றுச்சீட்டையும் கவனமாகப் பேணுதல் வேண்டும். பெரிய உற்பத்தியாளர்கள் தம் கணினியோடு தந்த மீட்பு இறுவட்டுக்கள் பல, அக்கணினியின் தாய்ப்பலகையை அடையாளங்கண்டு, வேறு யாரையும் கேளாமலே வேலை செய்யும் இயல்புடையவை. அதை எறிந்துவிட்டுப் பிறரிடம் இறுவட்டு இரவல் வாங்குவது கையிலுள்ள திறவுகோலை எறிந்துவிட்டுப் பூட்டோடு மல்லாடுவதற்குச் சமம்.

மூன்றாவது, முறைமையை மீண்டும் பதியுமுன் சிறு மின்கலத்தை மாற்றித் திகதியைச் சரிசெய்தல் நன்று. எந்த உறுப்பையும் வீணே மாற்றாதிருத்தலும் நன்று. உறுப்புக்கள் அளவுக்கு மீறி மாறினால், அதை வேறொரு கணினி என்று கருதி முறைமை மீண்டும் அனுமதி கேட்கும்.

நான்காவது, செயற்படுத்தல் முடிந்ததும் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். கருவியை இயக்கும் கணினிக்கு இணையம் வேண்டியதில்லை. கோப்புக்களை எடுத்துச்செல்லும் சிறு நினைவகத்தையும் வேறொரு பாதுகாப்பான கணினியிற் சோதித்த பின்பே அதில் இணைத்தல் வேண்டும். வீட்டுப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் கணினியாயின், எக்ஸ்பியை விட்டு லினக்ஸ் போன்ற கட்டற்ற முறைமை ஒன்றுக்கு மாறுவதே உசிதம். அதற்குப் பூட்டும் இல்லை, பூசாரியும் இல்லை.

இவை நாம் செய்யத்தக்கவை. பூட்டியவர் செய்யத்தக்கது யாது? அதற்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு, தீய எடுத்துக்காட்டும் உண்டு. அடோபி என்னும் நிறுவனம் தன் ஓவிய, அச்சு மென்பொருட் தொகுதியின் சி.எஸ். 2 என்ற பழைய பதிப்புக்கு உரிய செயற்படுத்தற் சேவையை 2012 ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தியது. நிறுத்தியபோது, முன்பு வாங்கியோருக்கென்று, செயற்படுத்தவேண்டாத பிரதியையும் அதற்குரிய எண்ணையும் வெளியிட்டது. போகும்போது திறவுகோலை வைத்துவிட்டுப் போவது என்பது இதுவே. மறுபக்கத்திலே, 2008 ஆம் ஆண்டில் எம்.எஸ்.என். இசைக் கடையின் அனுமதிச் சேவையை மூடப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. மூடியிருந்தால், வாங்கியவர்கள் கணினியை மாற்றும்போது தாம் பணங்கொடுத்து வாங்கிய பாடல்களையே கேட்க முடியாமற் போயிருக்கும். வாங்கியவர்கள் குரல் எழுப்பினர். அதன் பின்னரே 2011 ஆம் ஆண்டு முடியும்வரை அச்சேவையை நீடிக்க நிறுவனம் இணங்கியது. வாய்விட்டுக் கேட்டால் கிடைப்பதும், வாளாவிருந்தால் இழப்பதும் இதனாற் புலனாகின்றன.

சிலர் மறுத்துரைப்பர். மென்பொருளை நாம் விற்பதில்லை, பாவிக்கும் அனுமதியையே விற்கின்றோம் என்பது அவர்கள் வாதம். நன்று, அவ்வாறே கொள்வோம். கடையில் விற்ற எக்ஸ்பியின் அனுமதிக்கு முடிவுத் திகதி எதுவும் குறிக்கப்படவில்லையே. எல்லையில்லாத அனுமதியை விற்றவர், எல்லையுள்ள தொலைபேசியை அதற்குக் காவல் வைப்பது முறையா? பழைய முறைமையைத் திறந்துவிட்டால் மக்கள் ஆபத்திலே விழுவர் என்று வேறு சிலர் கூறுவர். ஆபத்தை எடுத்துச் சொல்வது விற்றவர் கடமை. வீட்டைப் பூட்டி வெளியே நிறுத்துவது அவர் உரிமையன்று.

நண்பர்களே, இது முடிந்துபோன பழங்கதையும் அன்று. விண்டோஸ் 7 இன் ஆதரவு 2020 ஆம் ஆண்டு சனவரி மாதம் 14 ஆந் திகதி முடிந்தது. விண்டோஸ் 10 இன் பொதுவான ஆதரவும் 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆந் திகதி முடிந்தது. நன்றாக ஓடும் கணினிகள் பல, புதிய முறைமை கேட்கும் பாதுகாப்பு உறுப்பு இல்லாத காரணத்தால், முறைப்படி விண்டோஸ் 11 க்கு மாறத் தகுதியற்றவையாய் நிற்கின்றன. அவற்றுட் சில நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருக்கின்றன. இன்று எக்ஸ்பிக்கு நேர்ந்தது நாளை அவற்றுக்கும் நேரலாம். இப்பொழுது மென்பொருள் மாத்திரமன்றி, நூல்களும் பாடல்களும் படங்களும் இத்தகைய பூட்டுக்களோடேயே நம் கைக்கு வருகின்றன.

ஆதலால் எதையும் வாங்குமுன் அதன் விலையைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். விற்றவர் கடையை மூடிச்சென்றால் இது தானே திறக்குமா என்றும் கேளுங்கள். பாடசாலைக்கோ சங்கத்துக்கோ கணினி வாங்கும் பொறுப்பு உங்களிடம் வருமாயின், அக்கேள்வியை எழுத்திலே கேட்டு, விடையையும் எழுத்திலே பெற்றுக் கோப்பில் இடுங்கள். திருத்துவதை ஒருநாள் நிறுத்துவதற்கு விற்றவருக்கு உரிமை உண்டு. திறவுகோலைத் தம்மோடு கொண்டு செல்வதற்கு அவருக்கு உரிமை இல்லை. இதை வாங்குவோர் பலரும் ஒருமுகமாகக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் விடை சொல்லியே தீரவேண்டும்.